பருந்து எடுத்த துண்டு

மொன்றியல்,
19 ஜனவரி 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

சரளா எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகமாக இருக்கிறோம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? போன குளிரில் வந்த இருமல் திரும்பி வரவில்லையே? அம்மாவுக்கு ரத்த அழுத்தம் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது என்று கரூரிலிருந்து மாமா எழுதியிருந்தார். உனக்கும் எழுதியிருப்பார்.

எங்கள் வில்லரேப் பேட்டையில் பனி கொட்டித் தீர்க்கிறது. இந்த ஊரில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே, தெருப் பக்கம் வைத்துக் கட்டியிருக்கிறார்களே, எந்தப் புண்ணியவானின் யோசனையோ தெரியவில்லை. நேற்று தெப்பனர் என்கிற தெருமுனைக் கடைக்குப் பால் வாங்க இறங்கியவள் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். அடி ஒன்றும் இல்லை, மானம்தான் போயிற்று.

விஷயத்துக்கு வருகிறேன். லவாலில் இருக்கும் டாக்டர் பாலசந்திரனையும் அவர் மனைவி பத்மாக்காவையும் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அவர்கள் மகள் கிரிஜா நுண்ணுயிரியல் படித்துவிட்டு இங்கே ஓர் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறாள். பஸ் டிரைவரிடம் பிரெஞ்சில் சண்டை போடுவாள், நம்மிடம் தமிழில் பதவிசாகப் பேசுவாள். உன் போட்டோவைக் காட்டினேன். எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் பத்மாக்கா ஒரு கேள்வி கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

"தம்பி சனி ஞாயிறானா எங்க போறாரு?"

போன வசந்தத்தில் எத்தனை சனிக்கிழமை உனக்கு டிரங்கால் போட்டேன்! ஒவ்வொரு தடவையும் அந்த நர்ஸ், டாக்டர் ஊரில் இல்லை, எங்கே என்று சொல்லக் கூடாது என்றாள். சொல்லும்போது சிரித்தாள் வேறு. இதை நான் பத்மாக்காவிடம் உளறித் தொலைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வயது டாக்டர், தனி ஆள், வெள்ளைக்கார ஊர். அவர்கள் என்ன நினைப்பார்கள்? நான்தான் என்ன நினைப்பேன்? யாராவது இருந்தால் இப்போதே சொல்லிவிடு அண்ணா. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பதில் வரும்வரை தபால்காரனுக்காகவே அந்தப் படியில் ஏறி இறங்கப் போகும்,
சரளா

*

வேல்ஸ்,
6 பிப்ரவரி 1975

அன்புள்ள சரளா,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் இல்லை. விழுந்த இடத்தில் வலித்தால் வெந்நீர் ஒத்தடம் கொடு. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

யாரும் இல்லை. இருந்தால் உன்னிடம் மறைத்துவிட முடியுமா? கடல் தாண்டி மோப்பம் பிடிப்பவள் ஆயிற்றே நீ. சனி ஞாயிறுகளில் நான் பருந்துக்குக் காவல் இருக்கிறேன்.

சிரிக்காதே. பருந்து என்றதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவும் வேண்டாம், இது நம் ஊர்க் கருடன் இல்லை. சிவப்புப் பருந்து. வால் மீன்வால் மாதிரி பிளந்திருக்கும். ஒரு காலத்தில் லண்டன் தெருக்களிலேயே குப்பை பொறுக்கித் திரிந்த பறவையாம். சுட்டும் விஷம் வைத்தும் ஒழித்துவிட்டார்கள். இன்று மொத்த பிரிட்டனிலும் இந்த வேல்ஸ் மலைகளில் மட்டும்தான் ஏதோ முப்பது ஜோடி மிஞ்சியிருக்கிறது. அதற்கும் எமனாக முட்டைத் திருடர்கள் வருகிறார்கள். தின்பதற்கு இல்லை. முட்டையில் துளை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றிவிட்டு, வெறும் ஓட்டை இழுப்பறையில் வைத்து அழகு பார்க்கிறார்கள். எல்லாம் படித்தவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருந்தவர்கள். சட்டப்படி குற்றம்தான், ஆனால் பிடிபட்டால்தானே?

அதனால் கூடு எங்கே இருக்கிறது என்று நாங்கள் யாருக்கும் சொல்வதில்லை. எமிரிஸ் என்று ஓர் ஆட்டுப்பண்ணைக்காரர். கூடு அவர் நிலத்து ஓக் மரத்தில் இருக்கிறது. ஒரு வருஷம் அவருடைய முழங்கால் வலிக்கு வைத்தியம் பார்த்த பிறகுதான் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். கூடப்பிறந்த தம்பிக்கே அவர் காட்டாத இடம். இந்த ஊரில் மற்ற எங்கேயும் நான் இந்திய டாக்டர். அந்த மலையில் மட்டும் நான் அவர்களில் ஒருவன். அது எனக்கு எவ்வளவு பெரிது என்று எழுதத் தெரியவில்லை சரளா.

அம்மாவின் உடம்பை நினைத்து ஒரு காரியம் செய்கிறேன். மார்ச் கடைசியிலிருந்து வாரக் கடைசிகளில் எனக்குத் தந்தி கிடைக்க வேண்டுமானால் அந்தப் பண்ணை முகவரிக்குத்தான் அடிக்க வேண்டும். தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மாப்பிள்ளைக்குக்கூடக் காட்டாதே. அம்மாவுக்கு ஏதாவது என்றால் மட்டும் வெளியே எடு.

உன்னை நம்பும்,
அண்ணன் தண்டபாணி

*

மொன்றியல்,
2 மார்ச் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அவருக்கு ஒலிம்பிக் மைதான வேலை, வீட்டுக்கு வருவதே தூங்குவதற்குத்தான். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? ரொட்டியும் முட்டையுமாக ஓட்டாதே.

உன் கடிதத்தைப் படித்து அவர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எம்.ஆர்.சி.பி. படித்த மனுஷன் மழையில் உட்கார்ந்து பருந்துக்குக் காவலா? நிஜமாக அவ்வளவுதானா?

போன ஞாயிற்றுக்கிழமை லவாலுக்குப் போயிருந்தோம். நீ எழுதியதைச் சொன்னேன். பத்மாக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரளா, நானும் எவ்வளவோ சாக்குக் கேட்டிருக்கேன். பறவைக்குக் காவல்னு இதுவரைக்கும் எந்த மாப்பிள்ளையும் சொன்னதில்ல" என்றாள். பாலசந்திரன் சார், "போற இடம் எதுன்னு சொன்னா என்ன குறைஞ்சு போகும்?" என்றார். கிரிஜா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர், அறுபது வயதுக்கு மேல் இருக்கும், இவர்கள் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்ட மனிதர் என்று பத்மாக்கா அவருக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுத்தனுப்பினாள்.

பெண்ணைப் பெற்றவர்கள் நாலு இடத்தில் விசாரிக்கத்தான் செய்வார்கள் அண்ணா. என் கல்யாணத்துக்கு நம் அப்பா விசாரிக்காமலா இருந்தார்? இவர் ஹாஸ்டல் சமையல்காரன் வரைக்கும் ஆள் அனுப்பினாரே! உனக்காக அன்று எவ்வளவு வாதாடினேன் தெரியுமா? கடைசியில் ஒரு வழியாகச் சமாளித்துவிட்டேன். எப்படி என்று கேட்காதே.

பார்சலில் நாலு ஈரிழைத் துண்டு வைத்திருக்கிறேன். மாமா கரூரிலிருந்து அனுப்பியது, பச்சைக் கரை போட்டது. அந்த ஊர்ச் சொரசொரப்புத் துண்டைத் தூக்கிப் போடு.

உன் நன்மையே நினைக்கும்,
சரளா

*

மலைக் கொட்டகையிலிருந்து,
13 ஏப்ரல் 1975

அன்புள்ள சரளா,

சுகமாக இருக்கிறேன். ஆட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்துக் கோணலாக இருந்தால் குளிர்தான் காரணம். நீயும் மாப்பிள்ளையும் நலந்தானே?

பெட்டை அடை உட்கார்ந்துவிட்டது! போன வாரம் கூட்டை விட்டு எழுந்து எழுந்து போனது, இப்போது அசைவதில்லை. ஆண் இரை கொண்டுவந்து கொடுக்கிறது. எங்கள் இடத்திலிருந்து கூட்டின் விளிம்புதான் தெரியும், உள்ளே தெரியாது. முட்டை இரண்டோ மூன்றோ. நான் பிரசவம் பார்த்த பெண்களுக்காகக்கூட இப்படித் தவித்ததில்லை.

ஒரு வேடிக்கை கேள். இந்தப் பருந்துக்குத் துணி என்றால் உயிர். ஆட்டு ரோமம், கந்தல், கையுறை, எது கிடைத்தாலும் கொண்டுபோய்க் கூட்டில் மெத்தை போடும். நீ அனுப்பிய துண்டில் ஒன்றைக் கிழித்துத் தூரக்கண்ணாடி துடைக்க வைத்திருந்தேன். மழையில் நனைந்துவிட்டது என்று கம்பி வேலியில் காயப் போட்டுவிட்டுத் திரும்பினால், ஆண் பருந்து அதைக் காலில் கொத்தாகப் பிடித்துக்கொண்டு பறக்கிறது! பச்சைக் கரை காற்றில் ஆட, நேரே கூட்டுக்கு. கரூர்த் துண்டில் வேல்ஸ் பருந்து அடைகாக்கிறது. அம்மாவிடம் சொன்னால் நம்புவாளா?

இதை எமிரிஸிடம் சொல்லவில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் துணி எதையும் காயப் போடக் கூடாது என்பது இங்கே கண்டிப்பான விதி. உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

பெண் வீட்டார் விசாரிக்கட்டும், தப்பில்லை. ஆஸ்பத்திரியில் யாரை வேண்டுமானாலும் கேட்கட்டும்.

விரல் விறைத்துப்போன,
தண்டபாணி

*

மொன்றியல்,
4 மே 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நல்ல செய்தியோடு எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

பெண் வீட்டாருக்கு முழுத் திருப்தி! அவர்கள் விசாரிக்கச் சொல்லியிருந்த ஆள் ஊரிலிருந்து திரும்பிவிட்டாராம். டாக்டர் தங்கமான மனிதர், பெண் விவகாரம் எதுவும் இல்லை, நிஜமாகவே பறவைதான் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டார். "என் சந்தேகத்துக்கு என்னையே அடிச்சுக்கணும்" என்று பத்மாக்கா போனில் சொன்னாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிரிஜாவும் சரி என்றுவிட்டாள். ஜாதகத்தை மாமா நேராக அவர்களுக்கே அனுப்புகிறார். ஆகஸ்டில் லீவு கிடைக்குமா என்று பார்.

துண்டு விஷயம் படித்து விழுந்து விழுந்து சிரித்தேன். குஞ்சு பொரித்ததா? உடம்பைப் பார்த்துக்கொள்.

சந்தோஷத்தில் கை கால் ஓடாத,
சரளா

*

வேல்ஸ்,
5 மே 1975

சரளாவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

கூடு போய்விட்டது. பதினோரு நாள் முன்பு, வியாழக்கிழமை. மலை முழுக்க மூடுபனி. ஆடுகள் குட்டி போடும் காலம், எமிரிஸ் கொட்டிலில் இருந்திருக்கிறார். மூடுபனி விலகிப் பார்த்தபோது இரண்டு பருந்தும் மரத்துக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தனவாம். கூட்டில் முட்டை இல்லை. மரப்பட்டையில் இரும்பு முள் வைத்து ஏறிய தடம் இருக்கிறது.

மரத்தடியில் என் துண்டின் ஒரு கிழிசல் கிடந்தது. பச்சைக் கரையோடு. நான் அதால் கண்ணாடி துடைப்பதைப் பார்க்காத காவல்காரர் கிடையாது. எமிரிஸ் அதை மேஜையில் வைத்து, "டாக்டர், இது உங்களுடையதுதானே?" என்றார். ஆமாம், பருந்து எடுத்துக்கொண்டு போனது என்றேன். "முன்னாலேயே ஏன் சொல்லவில்லை?" என்றார்.

இன்னொன்று. அதற்கு இரண்டு நாள் முன்பு வயதான ஒரு வெள்ளைக்காரர் பண்ணை வாசலில் வந்து என் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். டாக்டரின் குடும்ப நண்பர் என்றிருக்கிறார். எமிரிஸின் மனைவி மேகன் உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்து, நான் உட்காரும் கொட்டகை எது என்று கையைக் காட்டியிருக்கிறார். எனக்கு அப்படி ஒரு நண்பர் இல்லை.

அந்த முகவரியை நான் எழுதிக் கொடுத்தது உலகத்தில் உனக்கு மட்டும்தான். யாரிடமாவது சொன்னாயா? ஆமாம், இல்லை, ஏதாவது ஒரு வரி எழுது. உடனே எழுது.

தண்டபாணி

*

மொன்றியல்,
8 ஜூன் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதம் கண்டு மிகவும் வருத்தம். இங்கே அவருக்கு ஒரு வாரமாகச் சளிக் காய்ச்சல், மிளகு ரசமாக வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் பதில் தாமதம். கரூரில் அம்மா நலம், கோயிலுக்குத் தானே நடந்து போய் வருகிறாளாம்.

நடந்தது நடந்துவிட்டது. இதற்காக நீ மனசை விடலாமா? பறவைதானே அண்ணா, அடுத்த வருஷம் மறுபடி முட்டை இடாதா? ஒரு மரத்துக்குக் காவல் இருக்க ஊர் ஆட்கள் இருக்கிறார்கள், நீ எதற்கு அந்தப் பழியைத் தலையில் போட்டுக்கொள்கிறாய்? உன்னைச் சந்தேகப்படுகிற மனிதர்களோடு உனக்கு என்ன உறவு?

நீ எழுதிக் கொடுத்த தாளை அப்போதே கிழித்துப் போட்டுவிட்டேன். வீட்டில் தேடினாலும் கிடைக்காது.

இங்கே கடைகளில் ஸ்ட்ராபெரி வந்துவிட்டது. ஜாம் போடப் பத்மாக்காவிடம் கற்றுக்கொண்டேன். ஆகஸ்ட் பற்றி அவர்கள் தினமும் கேட்கிறார்கள். நல்ல பதிலாக எழுது.

உன் அன்புத் தங்கை,
சரளா

*

வேல்ஸ்,
30 ஜூன் 1975

சரளா,

மாப்பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

தாளைக் கிழித்தாயா என்று நான் கேட்கவில்லை. யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். ஜாம் போட்ட கதை எழுதியிருக்கிறாய்.

போன வாரம் காவல்காரர்கள் கூட்டம் நடந்தது. என்னை அடுத்த அறையில் உட்கார வைத்துவிட்டுப் பேசினார்கள். இனி நான் மலைக்கு வர வேண்டாம் என்று முடிவு. யாரும் கோபமாகப் பேசவில்லை. எமிரிஸ் என் முகத்தைப் பார்க்காமல் தொப்பியையே திருப்பிக்கொண்டிருந்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. இப்போது முழங்கால் வலிக்கு வேறு டாக்டரிடம் போகிறார். கடைத்தெருவில் என்னைப் பார்த்தால் மேகன் எதிர்ப் பக்கம் கடந்துவிடுகிறார்.

கூட்டத்துக்கு முன்பு அவர்கள் சமையலறையில் நின்றேன். அலமாரியில் ஒரு டப்பா இருந்தது. அந்தக் கிழவர் மேகனுக்குக் கொடுத்துவிட்டுப் போன அன்பளிப்பாம். மேப்பிள் பாகு. நீ வருஷா வருஷம் எனக்கு அனுப்புவாயே, சிவப்பு இலை போட்டது, அதே டப்பா.

பெண் வீட்டார் விசாரிக்க அனுப்பிய ஆள் யார்? பெயர் எழுது. அதுவரை கல்யாணப் பேச்சு வேண்டாம்.

தண்டபாணி

*

மொன்றியல்,
12 அக்டோபர் 1975

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலம். உன் நலம் அறியத்தான் தவித்துக்கொண்டிருக்கிறேன். நாலைந்து தடவை எழுதி எழுதிக் கிழித்துவிட்டேன். நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. குளிர் வருகிறது, அந்தக் கறுப்பு ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். இங்கே தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யப் போகிறார்களாம், கடிதம் வராவிட்டால் கவலைப்படாதே.

சரளா

*

லவால்,
9 நவம்பர் 1975

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நலனுக்கு வேண்டுகிறேன். இங்கு தபால் வேலைநிறுத்தம் நடப்பதால் லண்டனுக்குப் போகும் தோழியிடம் இதைக் கொடுத்து அங்கே தபாலில் சேர்க்கச் சொல்கிறேன். அறிமுகமில்லாத நான் நேராக எழுதுவது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

நான் கிரிஜா, பாலசந்திரனின் மகள். எங்கள் பக்கத்து வீட்டில் ஹார்வுட் என்று ஓர் இங்கிலாந்துக்காரர் இருக்கிறார். மொன்றியல் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு ஏப்ரலும் தன் அக்காவைப் பார்க்க ஊருக்குப் போவார். அந்த ஊர் வேல்ஸ் எல்லைக்குப் பக்கம். அதனால் தங்களைப் பற்றி விசாரித்து வரச் சொல்லி என் அம்மாதான் அவரைக் கேட்டுக்கொண்டார்கள். முகவரியை அம்மாவிடம் கொடுத்தது யார் என்று தங்களுக்கே தெரிந்திருக்கும்.

சரளா அக்கா செப்டம்பரில் ஒரு நாள் வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அழுதார்கள். தங்கள் மீது விழுந்த பழி, பருந்து எடுத்த துண்டு, மேப்பிள் பாகு டப்பா, எல்லாவற்றையும் சொன்னார்கள். அம்மா, "ஹார்வுட்டா? அந்த மனுஷன் எறும்பைக்கூட மிதிக்க மாட்டாரே" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் சிறுமியாக இருந்த நாளிலிருந்து எங்கள் கூரைப் பனியைத் தள்ளித் தருபவர்.

போன சனிக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார். என் வேலை பூஞ்சை, பாக்டீரியா சம்பந்தப்பட்டது என்று அவருக்குத் தெரியும். தன் சேகரிப்பில் பூஞ்சை பிடித்திருக்கிறது, வந்து பார்க்க முடியுமா என்று கேட்டார். நிலவறையில் ஆள் உயர மர அலமாரி, முழுக்க இழுப்பறைகள். திறக்கத் திறக்க முட்டைகள். மேல் இழுப்பறையில் வெள்ளை நிறத்தில் துருப் புள்ளி தெறித்த இரண்டு முட்டைகள் ஓர் அழுக்குத் துணியின் மேல் இருந்தன. கூட்டில் இருந்தபடியே வைப்பதுதான் அழகு என்றார். அந்தத் துணியில்தான் பூஞ்சை. ஆட்டு ரோமமும் எச்சமும் அப்பியிருந்தாலும் அது என்ன துணி என்று எனக்குத் தெரியாதா? எங்கள் வீட்டில் அப்பா தினமும் தலை துவட்டுவது ஈரிழைத் துண்டில்தான். பச்சைக் கரை அப்படியே இருந்தது.

பூஞ்சை இந்தத் துணியிலிருந்துதான் பரவுகிறது, ஆய்வகத்துக்கு எடுத்துப்போய்ப் பார்க்க வேண்டும் என்றேன். அது பொய்யும் இல்லை. அவரே காகிதத்தில் மடித்துக் கொடுத்து நன்றி சொன்னார். இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எடையே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. போலீஸில் சாட்சி சொல்ல வேண்டுமானால் சொல்வேன்.

எங்கள் வீட்டார் விசாரித்ததில் தாங்கள் தேறிவிட்டீர்கள். நாங்கள்தான் தேறவில்லை. இதற்குப் பிறகு தாங்கள் என்ன முடிவு செய்தாலும் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன். வருத்தமாகத்தான் இருக்கும்.

மரியாதையுடன்,
பா. கிரிஜா

*

வேல்ஸ்,
4 ஜனவரி 1976

அன்புள்ள சரளா,

புத்தாண்டு வாழ்த்து, உனக்கும் மாப்பிள்ளைக்கும். நலமாக இருக்கிறேன். மேகன் கொடுத்தனுப்பிய கேக்கைத் தின்று வயிறுதான் கொஞ்சம் சரியில்லை.

ஆமாம், மேகன்தான். கிரிஜா எனக்கு எழுதினாள். அவள் அனுப்பிய துணியை எடுத்துக்கொண்டு பண்ணைக்குப் போனேன். எமிரிஸ் தன்னிடம் இருந்த கிழிசலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். இரண்டையும் சேர்த்ததும் பச்சைக் கரை கோடு பிசகாமல் ஓடியது. கிரிஜாவின் கடிதத்தை முழுக்க ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லிக் கேட்டார். மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்புவார்கள் என்ற இடத்தில் நிறுத்தி, "கிடா வாங்குவதற்கு முன்னால் பல்லைப் பிடித்துப் பார்ப்பது போலவா?" என்றார். கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். பிறகு முழங்காலை நீட்டி, "இங்கே இன்னும் வலிக்கிறது, டாக்டர்" என்றார். நான் அழுதுவிட்டேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்?

துணியைக் காயப் போட்டது என் தப்பு என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இங்குள்ள போலீஸ் அங்குள்ள போலீஸுக்கு எழுதியிருக்கிறது. வசந்தத்தில் மலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். இப்போது காவலை வேறு இடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள்.

கிரிஜாவும் நானும் எழுதிக்கொள்கிறோம். ஜூலையில் வருகிறேன் என்று அவள் அப்பாவுக்கும் எழுதிவிட்டேன். புது இடத்தின் முகவரி அவளிடம் இருக்கிறது. அம்மாவுக்கு ஏதாவது என்றால் அவளிடம் சொல், அவள் தந்தி அடிப்பாள். உனக்கு எழுதவில்லை. உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை சரளா, ஆனால் எழுதவில்லை.

என்றும் உன் அண்ணன்,
தண்டபாணி

*

மொன்றியல்,
28 மார்ச் 1976

அன்புள்ள அண்ணாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். அம்மா இப்போது நன்றாக இருக்கிறாள். மயக்கம்தான், வேறொன்றும் இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று இன்று காலை மாமா இரண்டாவது தந்தி கொடுத்திருக்கிறார். நீ பயந்துவிடாதே. சாப்பிடு, தூங்கு.

நேற்று முதல் தந்தி வந்தது. சனிக்கிழமை, நீ ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டாய். அவரைக் கூட்டிக்கொண்டு லவாலுக்கு ஓடினேன். கிரிஜா அப்படியே கோட்டை மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்பினாள். பக்கத்து வீட்டு வாசலில் விற்பனைப் பலகை நிற்கிறது. போன மாதம் போலீஸ் வந்து அந்த இழுப்பறைகளை ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போனதாம். பத்மாக்கா அந்தப் பக்கத்து ஜன்னல் திரையைத் திறப்பதே இல்லை.

தந்தி ஆபீஸில் கிரிஜா தாளை வாங்கி எழுத ஆரம்பித்தாள். நான் தோளோடு தோளாக நின்றேன். முகவரி எழுதும் இடம் வந்ததும் அவள் இடது கையை வளைத்துத் தாளை மறைத்துக்கொண்டாள், பரீட்சையில் பக்கத்துப் பெண் பார்த்து எழுதாமல் மறைத்துக்கொள்வோமே அப்படி. என்னைப் பார்த்து, "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள். நாத்தனாராகப் போகிறவளிடம்! எனக்குச் சுருக்கென்று வந்தது. அவர் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அவள் கையை எடுக்கவில்லை அண்ணா. நான் முகம் சுண்டி நிற்பது தெரிந்தும் எடுக்கவில்லை. அன்று பத்மாக்கா முகம் சுண்டியதைப் பார்த்ததும் நான் என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும், நான் எழுத வேண்டியதில்லை. கையை இப்படி வளைத்துக்கொள்ள எனக்குத் தெரியாமல் போயிற்று.

அதனால் கேட்டுக்கொள்கிறேன். ஜூலையில் வரும்போது பாசத்தில் நெகிழ்ந்துபோய் அந்த இடத்தின் பெயரை என்னிடம் சொல்லிவிடாதே. நான் எவ்வளவு கேட்டாலும் சொல்லாதே. நான் கேட்பேன்.

மாமா அனுப்பிய பார்சல் வந்தது. இரண்டு ஈரிழைத் துண்டு அனுப்புகிறேன், பச்சைக் கரைதான். ஒன்று உனக்கு.

சரளா